தூக்கத்தில் இழுக்கும் கை, அழுதால் நின்றுபோகும் மூச்சு: புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு

என் மகள் பிறந்த 18வது நாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவளின் வலது கை வெடுக்கென்று இழுத்தது. அப்புறம் கால். நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை. வலிப்பு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆச்சி இரும்புச் சாவியைத் தேட, அம்மா திருநீறு பூச, நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஊசி எதையும் எடுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை இழுக்க ஆரம்பித்ததும் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினார். கண் விழித்த மறுநொடி இழுப்பு நின்றுபோனது. "முழிச்சதும் நின்னுடுச்சு பாத்தீங்களாம்மா? இது தூக்கத்துல வர்றது. வலிப்புன்னா முழிச்சாலும் நிக்காது" என்றார்.

அன்றைக்கு அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்த விதம்தான் இந்தக் கட்டுரை முழுக்க. சின்னப் பிள்ளைகள் செய்கிற பல காரியங்கள் பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும். பெரும்பாலானவற்றுக்கு மருந்தே வேண்டாம், தானாகப் போய்விடும். பல வீடுகளில் பிள்ளைக்குக் கெடுதல் வருவது அதை நிறுத்தப் போகிறேன் என்று நாம் செய்கிற வைத்தியத்தில்தான். ஆகவே முதலில் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

எதையும் செய்யும் முன்

புதிதாக ஏதாவது கண்டால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் பத்து நொடி பத்து நிமிடமாகத் தெரியும். டாக்டரிடம் "ரொம்ப நேரம்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டு, தொட்டுப் பாருங்கள். நடுங்குகிற கையை மெதுவாகப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறதா? எழுப்பினால் நிற்கிறதா? உதடும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்கிறதா? மூன்று, போனில் வீடியோ எடுங்கள். முகமும் கை கால்களும் ஒன்றாகத் தெரிய வேண்டும், ஒரு நிமிடம் போதும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பிள்ளை சமர்த்தாகிவிடும், அதனால் வீடியோதான் பேசும்.

அதோடு ஒரு கேள்வி: மற்ற நேரங்களில் பிள்ளை எப்படி இருக்கிறது? நன்றாகப் பால் குடித்து, ஒன்றுக்குப் போய், விழித்திருக்கும்போது முகம் பார்க்கிறதென்றால் பாதி பயத்தை அப்போதே இறக்கி வைக்கலாம்.

முதல் மாதம்

கதவு சாத்தும் சத்தத்துக்கும், கீழே படுக்க வைக்கும்போதும் பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் தூக்கி, பிறகு கட்டிப்பிடிப்பது போல மடக்கி, வீறிடும். இந்தத் திடுக்கிடலுக்கு மோரோ அனிச்சை என்று பெயர். ஏர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் விவரித்தது. பிறந்த பிள்ளைக்கு இது இருக்க வேண்டும், இல்லாவிட்டால்தான் டாக்டர் கவலைப்படுவார். 4 முதல் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். படுக்க வைக்கும்போது முதுகையும் தலையையும் சேர்த்துத் தாங்கி, முதலில் முதுகு, கடைசியில் தலை என்று இறக்கினால் திடுக்கிடல் குறையும்.

தூக்கத்தில் சிரிப்பது, முகம் சுளிப்பது, முனகுவது, கண் பாதி திறந்து விழி உருளுவது எல்லாம் ஒரே கதைதான். பச்சைப் பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, மூளை சுறுசுறுப்பாக இருக்கும் தூக்கம். சிரித்தால் சாமி பூ காட்டுகிறது என்பார்கள், அழுதால் நரி விரட்டுகிறது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முனகல் கேட்டதும் தூக்கிவிடாதீர்கள். அரை நிமிடம் பொறுத்தால் பல நேரம் தானே அடுத்த தூக்கத்துக்குள் போய்விடும். நாம் அவசரப்பட்டுத் தூக்கித்தான் எழுப்பிவிடுகிறோம்.

மூச்சுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. வேக வேகமாக மூச்சு விடும், திடீரென்று நிறுத்தும், நாம் குனிந்து மூக்கில் விரல் வைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். 5 முதல் 10 நொடி வரை இப்படி நிறுத்தி நிறுத்தி விடுவது முதல் சில மாதங்களில் சகஜம். நிமிடத்துக்கு 30 முதல் 60 மூச்சு வரை இயல்பு. பிள்ளை அமைதியாகத் தூங்கும்போது, துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு தப்பும், ஏனென்றால் நடு நடுவே நிறுத்துமே.

தும்மல் மூக்கைச் சுத்தம் செய்கிற வேலை. சளி என்று அர்த்தமில்லை. குளிப்பாட்டும்போது மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். விக்கல் கருவிலேயே ஆரம்பிக்கிற பழக்கம். உச்சியில் நூல் வைத்தால் நின்றுவிடும் என்பார்கள், வைக்காவிட்டாலும் நிற்கும். ஆனால் விக்கலுக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். உச்சிக்குழி துடிப்பதும் இயல்பு, அடியில் ஓடும் ரத்தநாளத்தின் துடிப்பு அது. பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறந்த சில நாட்களில் ஆண், பெண் எந்தப் பிள்ளைக்கும் மார்பு வீங்கிக் கல் போல இருக்கலாம், ஒரு சொட்டுப் பால் போலவும் வரலாம். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம் கசியலாம். இரண்டுக்கும் காரணம் தாயின் உடம்பிலிருந்து போன ஹார்மோன். சில வாரத்தில் வடிந்துவிடும். குளிப்பாட்ட வருகிறவர்கள் அந்தப் பாலைப் பிதுக்கி எடுக்க வேண்டும் என்பார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். பிதுக்கினால் கிருமி தொற்றிச் சீழ் கட்டும், பிறகு அறுத்துவிட வேண்டியதாகும்.

கண் ஒன்றரைக் கண் போலத் தெரிவது (4 மாதம் தாண்டியும் இருந்தால் கண் டாக்டர்), தோல் உரிவது, மூக்கில் வெள்ளைப் புள்ளிகள், இடுப்புக்குக் கீழே அடிபட்டது போன்ற நீலத் திட்டு, குளிர்ந்தால் கை கால் நீலமாவது இவையெல்லாம் சாதாரணம். நீலம் உதட்டுக்கோ நாக்குக்கோ வந்தால் மட்டும் உடனே ஓட வேண்டும்.

பாலும் வயிறும்

குடித்ததில் கொஞ்சம் கக்குவது, தயிர் தயிராக வருவது, தோளெல்லாம் நனைவது எல்லாம் இரைப்பையின் வாய் இன்னும் இறுகாததால். எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் துணிதான் கூடுதலாகத் துவைக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. குடித்த பின் இருபது நிமிடம் நிமிர்த்திப் பிடியுங்கள். இதற்காகக் குடலேற்றம் தட்டுகிறேன், தொக்கம் எடுக்கிறேன் என்று யாரிடமும் கொண்டுபோகாதீர்கள்.

பிறந்த முதல் சில நாளில் எடை குறையும், 10 சதவீதத்துக்குள் என்றால் பயமில்லை. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் செங்கல் தூள் நிறத்தில் கறை படியலாம். அதற்குப் பிறகும் படிந்தால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

மலம் கழிக்க முக்குவதைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். முகம் சிவந்து, பத்து நிமிடம் முக்கி, அழுது, கடைசியில் போனால் மலம் களி போல இளகலாக இருக்கும். இது மலச்சிக்கல் கிடையாது. வயிற்றை அழுத்தும்போது கீழே தளர்த்த வேண்டும் என்பதைப் பிள்ளையின் உடம்பு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள்; வைத்துப் பழக்கினால் தானாகக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகும். ஒரு மாதம் தாண்டி, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம் போகாமல் இருந்துவிட்டு இளகலாகப் போவதும் உண்டு. கல் மாதிரிப் போனால், அல்லது வயிறு உப்பினால் காட்டுங்கள்.

சாயங்கால அழுகை

இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் அடங்குகிற அழுகை ஒன்று இருக்கிறது. சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிக்கும். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, எறும்பு கடித்திருக்கிறதா என்று பார்த்தாயிற்று, கை கால் விரலில் முடி சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று (இதை அவசியம் பாருங்கள், தாயின் உதிர்ந்த முடி சுற்றி விரல் வீங்குவது உண்டு). இருந்தும் நிற்காது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உரம் விழுந்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்டினால் சரியாகும் என்பார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவது ஆபத்து, ஒத்துக்கொள்ளவே வேண்டாம். வசம்பு, தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்; தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

பெரியவர்களோடு எதற்கெடுத்தாலும் சண்டை போட வேண்டியதில்லை. நான் வைத்துக்கொண்ட எல்லை இது: பிள்ளையின் உடம்புக்கு வெளியே செய்வது, திருஷ்டி சுற்றுவது, கன்னத்தில் பொட்டு வைப்பது, திருநீறு பூசுவது, அவர்கள் திருப்திக்குச் செய்யட்டும். வாய், மூக்கு, காது, கண், ஆசனவாய் இவற்றுக்குள் எதுவும் போகக் கூடாது. பிதுக்குவதும் உருட்டுவதும் தலைகீழாகத் தொங்கவிடுவதும் கூடாது. ஆச்சியிடம் இதை ஒரு முறை பொறுமையாகச் சொன்னேன், "சரிட்டி, நீயே பாத்துக்கோ" என்று விட்டுவிட்டார்.

அழுகைக்குச் செய்ய முடிந்தது: நெஞ்சோடு அணைத்து நடப்பது, வெளிச்சத்தைக் குறைப்பது, ஒரே தாளத்தில் தட்டுவது. எதற்கும் அடங்காமல் உங்களுக்கே கோபம் தலைக்கேறினால், பிள்ளையைச் சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். அழட்டும், அழுது பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். புதிதாகப் பெற்ற எந்த அம்மாவுக்கும், அப்பாவுக்கும் இந்தக் கோபம் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாயில் கை, சுவரில் தலை

மூன்று மாதத்தில் கை முழுவதும் வாய்க்குள் போகும், எச்சில் ஒழுகும். பல் வருகிறது என்பார்கள். அது வர இன்னும் நாள் இருக்கும். பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டி வரும், ஒரு வயது வரை தாமதமானாலும் பரவாயில்லை. வாய்தான் இந்த வயதில் பிள்ளையின் கண். கை நகத்தை வெட்டி, கையைக் கழுவி விடுங்கள், போதும்.

எட்டு ஒன்பது மாதத்தில், நேற்று வரை எல்லோரிடமும் தாவிய பிள்ளை தாத்தாவைக் கண்டு வீறிடும். நீங்கள் குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டி அழும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், உங்களைத் தனியாக அடையாளம் கண்டுவிட்டது. தாத்தாவிடம் சொல்லுங்கள்: வந்ததும் கை நீட்டித் தூக்காமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் கால் மணி நேரத்தில் பிள்ளையே நகர்ந்து வரும். கரண்டியைக் கீழே போட்டு, எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுவதும் பாடம்தான்.

தூங்கும் முன் தொட்டில் கம்பியிலோ சுவரிலோ தாளமாகத் தலையை முட்டுவது, முன்னும் பின்னும் ஆடுவது பலருக்குப் புதிராக இருக்கும். ஒரு வயதை ஒட்டி ஆரம்பித்து, மூன்று நான்கு வயதுக்குள் நின்றுவிடும். நாம் தொட்டிலை ஆட்டுவதைப் போல, பிள்ளை தன்னைத்தானே ஆட்டித் தூங்க வைத்துக்கொள்கிறது. சுவரோடு தலையணை அடுக்காதீர்கள், முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும். படுக்கையைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். பகலில் விளையாட்டை விட்டுவிட்டு முட்டிக்கொண்டே இருந்தால், பேச்சும் முகம் பார்ப்பதும் குறைந்திருந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழுது மூச்சு நின்றுபோனால்

என் மகனுக்கு 13 மாதம். கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினேன். வீல் என்று ஒரு அழுகை, வாய் திறந்தபடி சத்தமே இல்லை. உதடு நீலம் பாய்ந்தது, கண் மேலே செருகியது, துணி போலத் தொய்ந்து விழுந்தான். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அடித்தார். நான் கையில் போட்டு உலுக்கினேன். இரண்டும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. முக்கால் நிமிடம்கூட இருக்காது, இழுத்து ஒரு மூச்சு விட்டு, மறுபடி அழ ஆரம்பித்தான்.

6 மாதத்திலிருந்து 6 வயது வரை சில பிள்ளைகளுக்கு இது வரும், ஒன்று இரண்டு வயதில் அதிகம். கோபம், வலி, ஏமாற்றம் எதுவும் தூண்டிவிடலாம். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. சிலருக்குக் கடைசியில் கை கால் ஒன்றிரண்டு முறை வெட்டுவதும் உண்டு. அடுத்த முறை வந்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. வாயில் சாப்பாடு ஏதாவது இருந்தால், கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், எடுத்துவிடுங்கள். விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.
2. தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலை எதிலும் இடிக்காமல்.
3. கடிகாரத்தைப் பாருங்கள். உலுக்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வாயில் கரண்டியோ கையில் இரும்போ வேண்டாம்.
4. ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வராவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.
5. தெளிந்ததும் கொஞ்சம் அணைத்துக்கொண்டு, வழக்கமான வேலைக்குத் திரும்புங்கள்.

ஐந்தாவதுதான் கஷ்டம். அழுதால் மூச்சு நின்றுவிடுமே என்று கேட்டதையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தால், ஆறு மாதத்தில் வீடு பிள்ளையின் கையில் இருக்கும். முதல் முறை வந்ததும் டாக்டரிடம் காட்டி, இதயத்தையும் ரத்தத்தையும் பார்த்துவிடுவது அவசியம். ரத்தசோகை இருக்கிற பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருகிறது. நம் நாட்டில் அது அரிதும் இல்லை: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. என் மகனுக்கும் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து மருந்து கொடுத்த பிறகு நன்றாகக் குறைந்தது.

இரண்டிலிருந்து ஐந்து வயது வரை

கடை வாசலில் உருண்டு புரள்கிற அடம், பேச்சு வராத கோபம். அந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், காதில் ஏறாது. அடிபடாத இடத்துக்கு நகர்த்தி, பக்கத்தில் இருங்கள். அடங்கிய பின் பேசலாம்.

"நா... நா... நான் வந்து" என்று முதல் எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வது, மூளை ஓடுகிற வேகத்துக்கு நாக்கு வராததால். "மெதுவா சொல்லு" என்று திருத்தாதீர்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்தும் வைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் போதும். ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால், அல்லது பேசும்போது கண்ணை இறுக்கி முகம் கோணினால், பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. பூச்சி மருந்தை அங்கன்வாடியில் கொடுக்கிற நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போலக் கொடுத்தால் போதும். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கண் திறந்தபடி அலறி, நம்மையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிடுவது ராத்திரி திகில். பேய் அடித்துவிட்டது என்று மந்திரிக்க ஓடுவார்கள். எழுப்பாமல், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

பிறப்புறுப்பைத் தொட்டு விளையாடுவதைப் பற்றி வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை. காது, மூக்கைத் தொடுவது போலத்தான் அதுவும். அடிக்காதீர்கள், "சீ" என்று சொல்லாதீர்கள். கையில் வேறு ஏதாவது கொடுங்கள். மூன்று வயதுக்கு மேல், நாலு பேர் முன்னால் செய்யக் கூடாது என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். புண், அரிப்பு, வலி இருந்தாலோ, வயதுக்குப் பொருந்தாத காரியத்தை நடித்துக் காட்டினாலோ விசாரிக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

- மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- உதடு, நாக்கு நீலம். மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது. 20 நொடி மூச்சு நிற்பது (மேலே சொன்ன, அழுது மூச்சு நிற்பதற்கு அந்த ஐந்து படிகள்தான்)
- பச்சை நிற வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, ஒவ்வொரு முறையும் பீறிட்டு அடிக்கும் வாந்தி
- பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. முதல் வாரத்துக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு முறைக்கும் குறைவாக ஒன்றுக்குப் போவது
- பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள்
- அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருப்பது
- பிடித்தாலும் எழுப்பினாலும் நிற்காத இழுப்பு

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், திடுக்கிடல் மாதிரியே இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வயதுக்குள், பெரும்பாலும் தூங்கி எழுந்ததும், தலை குனிந்து கை விரிந்து ஒரு வெட்டு, சில நொடி கழித்து இன்னொன்று, இப்படி வரிசையாக வந்தால் அது ஒரு வகை வலிப்பு. வீடியோவோடு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். அதேபோல எந்த வயதிலும், வந்த பேச்சோ சிரிப்போ நடையோ திரும்பிப் போனால் காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துக்கு 108. தமிழ்நாட்டில் நடுராத்திரியில் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. அவசரமில்லாத கேள்விகளை, இந்தக் கை இழுப்பையும் கக்கலையும் சேர்த்து, ஒரு தாளில் தேதி போட்டு எழுதித் தடுப்பூசி அட்டைக்குள் வையுங்கள். 6, 10, 14வது வாரம் எப்படியும் ஊசிக்குப் போவீர்கள். ஊசி போட்டதும் பிள்ளை அழும், எல்லாம் மறந்துவிடும். அதனால் தாளை ஊசிக்கு முன்னால் எடுங்கள்.